பெஞ்சுப் பலன்

அந்த வாரம் அலுவலகத்தில் சிவப்புக் காந்தம் தீர்ந்துபோனது.

ஜோசியரின் மேசைக்கு எதிரே சுவரை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைப் பலகை. அதில் மூன்று கட்டங்கள்: ஆடுவார், சந்தேகம், ஆடமாட்டார். பச்சைச் சட்டை போடும் உள்ளூர்க் கால்பந்து அணியில் இருபத்தாறு பேர், ஆளுக்கொரு சீட்டு. அடிபட்டவனின் சீட்டைச் சிவப்புக் காந்தம் வைத்து மூன்றாவது கட்டத்தில் ஒட்டுவது வழக்கம். ஒரு டப்பாவுக்குப் பன்னிரண்டு காந்தம். பருவம் பாதிகூட முடியவில்லை, பன்னிரண்டும் காலி. பதின்மூன்றாவது ஆளுக்காக வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த தர்பூசணிப் பொம்மையைப் பிய்த்துக்கொண்டு வந்தார். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்? இந்த அணிக்குப் பட்ட காலிலும் பட்டது, படாத காலிலும் பட்டது.

ஜோசியர் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். அவருக்கு ராசியும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது. ஒரு விளையாட்டு இணையதளத்தில் ஃபேன்டஸி கால்பந்து பற்றி எழுதுவது அவர் பிழைப்பு. வீட்டில் உட்கார்ந்தபடியே நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கி ஆளுக்கொரு பொய் அணி கட்டுகிற விளையாட்டு அது. நிஜ மைதானத்தில் அவன் கோல் போட்டால் இங்கே உங்களுக்குப் புள்ளி ஏறும். அவன் முழங்கால் முறிந்தால் உங்களுக்கு நெஞ்சு வலிக்கும், அதுவும் அவனுக்காக அல்ல.

வியாழக்கிழமைதோறும் வரும் அவருடைய பத்திக்குப் ‘பெஞ்சுப் பலன்’ என்று பெயர். பதினொரு பேரில் இடம் கிடைக்காமல் மாற்று ஆட்டக்காரர்களாகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டுமான பலன். யாராவது அடிபட்டால் இவர்களில் யார் இறங்குவார்கள், இறங்கினால் எப்படி ஆடுவார்கள் என்று எழுதி, கடைசியில் ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு வைப்பார்: எடு, பொறு, விடு. ஆறு வருடமாக இதை எழுதுகிறார். நட்சத்திர ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதுகிறவனுக்கு நூறு பின்னூட்டம் வந்தால் இவருக்கு நான்கு வரும். அதிலும் இரண்டு இவரைத் திட்டி. காயம் பெருகிய இந்தப் பருவத்தில்தான் ஜனம் மொய்த்தது. ஆண்டி எப்போ சாவான், மடம் எப்போ காலியாகும் என்று அத்தனை பேரும் காத்திருக்கிறார்கள், மடத்துச் சாவி இவரிடம் இருக்கிறதாம். அதில் அவருக்குப் பெருமைகூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இத்தனை நாள் எங்கேடா போயிருந்தீர்கள் என்று கேட்கத் தோன்றியது.

தர்பூசணிப் பொம்மை எந்தச் சீட்டின் மேல் உட்கார்ந்தது என்பதுதான் விஷயம். அணியின் முதல் கோல்கீப்பருக்கு முழங்கால் போய் மூன்று வாரம் ஆகிறது. இரண்டாவது கோல்கீப்பர் திங்கட்கிழமை பயிற்சியில் கம்பத்தில் மோதிக் காறை எலும்பை உடைத்துக்கொண்டான். மிச்சம் இருப்பவன் மூன்றாவது கோல்கீப்பர். அவன் ஜோசியரின் மைத்துனன், மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

வயது முப்பத்தொன்று. ஆறு வருடமாக அந்த அணியில் இருக்கிறான், ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. ஆட்டத்துக்கு முன்னால் முதல் கோல்கீப்பருக்குப் பந்து எறிந்து சூடேற்றுவான், பிறகு பெஞ்சில் போய்க் கால்மேல் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்வான். இலவு காத்த கிளி என்று சொன்னால் கிளி கோபித்துக்கொள்ளும். பருவம் முடிந்தால் ஒப்பந்தமும் முடிகிறது. ஒரு ஆட்டம்கூட ஆடாத கோல்கீப்பரை எந்த அணி கூப்பிடும்? சனிக்கிழமை அவன் இறங்கி ஒழுங்காக ஆடினால் இன்னும் இரண்டு வருடம் ஓடும். இல்லையென்றால் முப்பத்தொரு வயதில் வேறு வேலை தேட வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அவன் சாப்பிட வந்தான். அக்காவுக்குக் காலே தரையில் பாவவில்லை.

“சனிக்கிழமை லீவு சொல்லிட்டேன்டா. ஆறு வருஷமா நீ உக்காந்திருக்கிறதையே பாத்துட்டு வந்தேன். இந்தத் தடவை நிக்கிறதைப் பாக்கணும்.”

“நின்னா போதுமாக்கா? புடிக்க வேணாமா?” என்று சிரித்தான்.

சிரித்தபடியே மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தான். மூடியைத் திருகப் போனவன் கையை மாற்றினான். பிறகு திறக்காமலே கீழே வைத்துவிட்டு, தாகமில்லாதவன் மாதிரி வேறு பேச்சை எடுத்தான். அக்கா அதைக் கவனிக்கவில்லை. ஜோசியர் கவனித்தார். யார் நொண்டுகிறான், யார் தோளைத் தேய்த்துக்கொள்கிறான், எவன் எந்தக் காலை ஊன்றிக் குதிக்கிறான் என்று பார்த்துப் பார்த்தே காலத்தை ஓட்டுகிறவர். பாட்டிலை இழுத்துத் தானே திறந்து அவன் முன்னால் வைத்தார். அவன் அவரைப் பார்த்தான். இவரும் பார்த்தார்.

மனைவி அடுக்களைக்குப் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

“எந்த விரல்?”

“என்ன மாமா?”

“என்கிட்டயேவா? எந்த விரல்னு கேட்டேன்.”

அவன் அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு இடது கட்டை விரலைச் சற்றே தூக்கினான். விரலடியில் வெள்ளை டேப் சுற்றியிருந்தது. கோல்கீப்பர்கள் எல்லோருமே டேப் சுற்றுகிறவர்கள்தான், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

“நேத்து ஒரு ஷாட்டு. கையை சரியா வைக்கல. வெளிய ஒரு இடத்துல எக்ஸ்ரே எடுத்தேன். மயிரிழை விரிசல்னு சொன்னாங்க. மூணு வாரம் ஆடக்கூடாதாம்.”

“கிளப்புல?”

“சொல்லல. சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லக்கூடாது மாமா. மூணு வாரத்துல முதல் கீப்பர் திரும்பிடுவான். அப்புறம் நான் திரும்பவும் பந்து எறியத்தான் போகணும். எனக்கு இருக்கிறது இந்த ஒரு சனிக்கிழமைதான்.”

“அங்க ஒருத்தன் வேகமா அடிச்சா என்னடா பண்ணுவ?”

“குத்தி விடுவேன். புடிக்கத்தான் கட்டை விரல் வேணும்.”

முட்டாள் என்று திட்டலாம். ஆனால் ஆறு வருடம் உட்கார்ந்திருந்தவன் அவனா, இவரா? அக்கா தட்டோடு வந்ததும் மூவரும் வானிலையைப் பற்றிப் பேசினார்கள்.

மறுநாள் எழுத உட்கார்ந்தபோதுதான் வினை புரிந்தது. மற்ற தளங்களில் எல்லாம் அதற்குள் எழுதிவிட்டார்கள்: மூன்றாவது கோல்கீப்பர் விலை மலிவு, நிச்சயம் இறங்குவான், கண்ணை மூடிக்கொண்டு எடு. இவர் ‘விடு’ என்று எழுதினால், சொந்த மைத்துனனையே வேண்டாம் என்கிறாரே, ஏன் என்று ஊர் கேட்கும். ‘பொறு’ என்றாலும் அதே கேள்விதான். ‘எடு’ என்று எழுதினால் தன் பேச்சை நம்பி எடுக்கிற நாற்பதாயிரம் பேருக்கு உடைந்த விரலை விற்பதாகும். இருதலைக் கொள்ளி எறும்புக்காவது நடுவில் கொஞ்சம் குச்சி இருக்கும். இவருக்கு அதுவும் இல்லை.

ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ‘சிறிய காயம் இருக்கலாம்’ என்று எழுதி அழித்தார். ‘அனுபவம் குறைவு’ என்று எழுதி, ஆறு வருடம் பெஞ்சில் இருந்தவனுக்கு இது என்ன புதுச் செய்தியா என்று அதையும் அழித்தார். கடைசியில் இரண்டே வரி எழுதினார். நல்ல உயரம், அமைதியானவர், இத்தனை நாள் காத்திருந்தவர். எடு. கீழே எப்போதும்போல ஒரு குறிப்பு: இவர் என் மைத்துனர், அதையும் மனதில் வைத்து முடிவு செய்யுங்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு ஓரத்தில் நேர்மையாக ஒரு குறிப்பு! தன்மேலேயே அவருக்குக் கோபம் வந்தது.

அத்தோடு நின்றிருந்தால் கதையே இல்லை.

அந்தத் தளத்தில் எழுதுகிறவர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு பொய் அணி உண்டு. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எல்லா அணிகளும் பூட்டப்படும். பூட்டிய பிறகு யாராலும் எதையும் மாற்ற முடியாது. அந்த நிமிடமே எட்டுப் பேரின் அணியும் தளத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவரே ஜோசியர்தான். “நாம சொல்றதை நாமளே செய்றோமான்னு வாசகர் பாக்கட்டும்” என்று ஆறு வருடம் முன்னால் மேசையைத் தட்டிப் பேசினார். அன்று அவரை எல்லோரும் முறைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு அவர் பேருந்தில் தொங்கிக்கொண்டிருந்தார். ஒரு கை கம்பியில், ஒரு கையில் போன். எட்டுப் பேர் பட்டியலில் அவர் இரண்டாவது. முதலிடத்தில் எடிட்டர், மூன்றே புள்ளி வித்தியாசம். இந்த வாரமாவது அந்த மனுஷனைத் தாண்டிவிட வேண்டும். எடிட்டர் ஜெயிக்கும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அலுவலகத்தில் மூச்சுவிட முடியாது. அணியில் கோல்கீப்பர் இரண்டு பேரை வைத்துக்கொள்ளலாம்: ஒருவன் இறங்குவான், மற்றவன் பெஞ்சில். மைத்துனனை எடுத்தாயிற்று, அதில் குறை வைக்கவில்லை. இறக்குவது யாரை? விரிசல் விட்ட விரலோடு நிற்பவன் குறைந்தது மூன்று கோல் வாங்குவான். மூன்று கோல் என்றால் புள்ளி போகும். இன்னொரு ஊர் அணியின் கோல்கீப்பர் திடமாக இருக்கிறான். விரல் தானாகப் போய் அழுத்தியது. அந்த ஊர்க்காரன் மேலே ஏறினான், மைத்துனன் கீழே இறங்கினான். ஆறு வருடப் பழக்கம், யோசிக்கவே இல்லை. இறங்கும் இடம் வந்துவிட்டதே என்ற கவலைதான் அந்த நேரத்தில் அவருக்கு இருந்தது.

வீட்டுக்குப் போய்ச் சட்டையைக்கூட மாற்றவில்லை. மனைவி நாளைக்குப் போட வேண்டிய பச்சைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போன் ஒரு தடவை அதிர்ந்தது. பிறகு நிறுத்தாமல் அதிர்ந்தது.

‘நோண்டி’ என்ற பெயரில் பின்னூட்டம் போடும் வாசகன் ஒருவன் உண்டு. நான்கு பின்னூட்டக் காலத்திலிருந்தே இவரோடு இருப்பவன். திட்டும் இரண்டில் ஒன்று அவனுடையது. அவன் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் போட்டிருந்தான். ஒன்றில் பத்தி: எடு. இன்னொன்றில் ஜோசியரின் அணி, மைத்துனன் பெஞ்சில். கீழே எழுதியிருந்தான்: “ஊருக்குத்தான் உபதேசமா ஜோசியரே? மச்சானை எங்க தலையில கட்டிட்டு நீங்க மட்டும் உஷாரா பெஞ்சுல வச்சிருக்கீங்க. வீட்டுக்குள்ள இருக்கிற ஆளு. உங்களுக்குத் தெரிஞ்சது எங்களுக்குத் தெரியலையே. கையா, தோளா?”

ஏழு மணிக்குள் அதை ஆயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள். எடிட்டர் அழைத்தார்.

“ஜோசியரே, கையா தோளா? சொல்லுங்க, செய்தியா போட்டுடலாம்.”

“ஒண்ணுமில்ல சார். பஸ்ல கூட்டம். கை தவறி மாறிடுச்சு.”

“ஆறு வருஷத்துல ஒரு தடவை உங்களுக்குக் கை தவறிப் பாத்ததில்ல. இன்னிக்குப் பாத்து, அதுவும் மச்சான் விஷயத்துலயா?”

“சத்தியமா சார்.”

“சத்தியம்லாம் வேணாம். அப்போ கைதான்” என்று சொல்லிவிட்டு எடிட்டர் வைத்துவிட்டார்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி மறைத்து என்ன பயன்? விரல், எக்ஸ்ரே, பாட்டில் மூடி எல்லாவற்றையும் சொன்னார். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை.

“அவன் உங்களை நம்பிச் சொன்னான்” என்றாள்.

“நான் யார்கிட்டயும் சொல்லலடி. எழுதக்கூட இல்ல. எடுன்னுதான் எழுதினேன்.”

“அதான் தெரியுதே, என்ன எழுதினீங்க, என்ன பண்ணினீங்கன்னு.”

மைத்துனனுக்கு அழைத்தார். அவன் எடுக்கவில்லை. பூட்டிய அணியை மாற்ற முடியுமா என்று தளத்தின் தொழில்நுட்ப ஆளைக் கேட்டார். கடவுளே வந்தாலும் முடியாது என்றான் அவன். தான் கொண்டுவந்த விதி, தன் கழுத்திலேயே சுருக்கு. அன்றைக்கு ஒருவர் எதிர்த்திருந்தால்கூடப் பரவாயில்லை, முறைத்துவிட்டு விட்டுவிட்டார்களே என்று அவர்கள்மேலும் எரிச்சல் வந்தது. எரிச்சலை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் குளியலறைக் குழாயை ஓங்கி மூடினார், கைப்பிடி கையோடு வந்தது.

சனிக்கிழமை காலை அணியின் மருத்துவர் மைத்துனனை அறைக்குக் கூப்பிட்டு டேப்பைக் கழற்றச் சொன்னார். பதினொரு மணிக்கு அறிவிப்பு வந்தது. வயது குறைந்தோர் அணியிலிருந்து ஒரு கோல்கீப்பரை அவசரமாக ஏற்றியிருந்தார்கள். மூன்றாவது கோல்கீப்பர், கட்டை விரல் காயம், ஆடமாட்டார்.

அப்படியும் அக்காவும் மாமாவும் மைதானத்துக்குப் போனார்கள். டிக்கெட் இருந்தது, வீட்டில் உட்காரவும் முடியவில்லை. அந்த ஆட்டத்தைப் பார்த்ததற்கு வீட்டிலேயே சுவரைப் பார்த்திருக்கலாம். எதிரணியிலும் ஏழு பேருக்குக் காயம். இரண்டு பக்கமும் மாற்று ஆட்டக்காரர்கள் முட்டி மோதிக்கொண்டார்களே தவிர, பந்து கோல் பக்கம் வரவே இல்லை. தொண்ணூறு நிமிடத்தில் பச்சைச் சட்டை கோலை நோக்கி ஒழுங்காக வந்தது ஒரே ஒரு பந்து. அதுவும் உருண்டு வந்தது. புதுக் கோல்கீப்பர் அதைக் காலால் நிறுத்தினான். கட்டை விரல் என்ன, கையே இல்லாத ஆள் நின்றிருந்தாலும் போதும். பூஜ்யத்துக்குப் பூஜ்யம். முதல் ஆட்டத்திலேயே கோல் விடாத கோல்கீப்பர் என்று அவனைத் தோளில் தூக்கிப் படம் எடுத்தார்கள். மனைவி கடைசிவரை பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அவள் தம்பி இல்லை. அடிபட்டவனுக்குப் பெஞ்சிலும் இடம் கிடையாது.

மைத்துனனுக்குப் பதிலாக ஜோசியர் பேருந்தில் மேலே ஏற்றிய அந்த இன்னொரு ஊர்க் கோல்கீப்பர், திடமானவன், அன்று நான்கு கோல் வாங்கினான். எடிட்டர் பதினொரு புள்ளி முன்னால் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கதவு தட்டப்பட்டது. மைத்துனன் நின்றிருந்தான். இடது கையில் மணிக்கட்டுவரை மாவுக்கட்டு. இரண்டு நாளாக ஜோசியர் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பு அத்தனையும் மறந்துபோனது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து புதன்கிழமை உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தான்.

“டேய், நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை...”

“தெரியும் மாமா. நீங்க சொல்லமாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். டாக்டர் கேட்டதும் நானேதான் கழட்டிக் காட்டினேன். அவரைத் திட்டவும் மனசு வரல. மூணு வாரம் கழிச்சு மானேஜர் பேசறேன்னிருக்காரு. என்ன பேசுவாருன்னு எனக்குத் தெரியும்.”

“எல்லாம் என்னாலதான்.”

“அது போகட்டும்.” அவன் மாவுக்கட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தான். “ஆறு வருஷத்துல நாலு கோச்சு பாத்துட்டேன். என்னை ஏன் இறக்கலன்னு கேட்டா ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம் இருந்துச்சு. தோத்தா வேலை போயிடும், ஊரு திட்டும். சரி, நியாயம்தான். உங்களுக்கு என்ன மாமா போகப் போகுது? அது பொய் டீம். சும்மா விளையாட்டு. அதுலயும் நான் பெஞ்சுதானா?”

மூன்று புள்ளி என்பதுதான் ஜோசியரிடம் இருந்த உண்மையான பதில். அதை எப்படிச் சொல்வது?

அடுக்களை வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள், எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவன் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை இழுத்தான். மாவுக்கட்டை வைத்து அணைத்துப் பிடித்து வலது கையால் மூடியைத் திருகிப் பார்த்தான். பாட்டில் வழுக்கியது. இன்னொரு தடவை திருகினான். ஜோசியர் எழுந்து கையை நீட்டினார்.

அவன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு திரும்பி, பாட்டிலை அக்காவிடம் நீட்டினான்.